எந்த வயர்?

“பேட்டரியோட அஞ்சு வோல்ட்டு, வீட்டுக் கரண்டை எப்படி டீச்சர் அடக்கும்? மண்டை காயுது” என்றார் சொரிமுத்து.

காலமெல்லாம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷர். மனைவி பிரம்மசக்திக்குப் பக்கவாதம், இடது கை மட்டும்தான் அசையும். படுத்தபடியே அவள் மேசைக் காத்தாடியைப் போட்டு நிறுத்த ஒரு சின்னப் பொத்தான் செய்து தரவேண்டும். அதற்காகத்தான் மகள் வயது ரெஜினா டீச்சரின் எலக்ட்ரானிக்ஸ் வகுப்பில், பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருக்கிறார்.

பேட்டரி தட்டிவிடும் குட்டி சுவிட்சான ரிலே ஒன்றை, தீப்பெட்டியை விடச் சிறியது, டீச்சர் அவர் காதருகே பிடித்து அதில் மாட்டியிருந்த பொத்தானை அழுத்தினார்.

டக்.

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சு. ஒண்ணும் விளங்கல.”

“பரவாயில்ல. மாட்டுங்க.”

இது என்ன படிப்போ என்று முனகிக்கொண்டே, வீட்டிலிருந்து தூக்கி வந்திருந்த பழைய இரும்புக் காத்தாடியை எடுத்தார். அதற்குப் போகும் இரண்டு வயரில் ஒன்றை வெட்டி நடுவில் ரிலேயை வைத்தார். பிளக்கைச் சொருகிப் பொத்தானை அழுத்தினார். சுற்றியது. மறுபடி அழுத்தினார். நின்றது.

பாவம், கண் கலங்கிவிட்டது.

“எந்த வயரை வெட்டினீங்க?”

“நியூட்ரலைத்தான். அதானே ஷாக் அடிக்காது? அவ தொடுற சாமான், பயமில்லாம இருக்கணும்லா.”

காத்தாடி நின்றதும் அவங்க என்ன செய்வாங்க என்று டீச்சர் கேட்டார். வேண்டிய பக்கம் இடது கையாலேயே பிடித்துத் திருப்பிக்கொள்வாள் என்றார் சொரிமுத்து, பெருமையாக.

டீச்சரின் முகம் மாறியது. நின்றிருந்த காத்தாடிக்குள் போகும் மற்ற வயரின் முனையில், கரண்ட் இருந்தால் எரியும் டெஸ்டரை வைத்தார்.

எரிந்தது.

சொரிமுத்துவுக்குப் புரியவில்லை. காத்தாடி கண்ணெதிரே நிற்கிறது. அப்புறம் கரண்ட் எங்கிருந்து வந்தது? டெஸ்டரை வாங்கி உதறி, தானும் வைத்துப் பார்த்தார். பாழாய்ப்போனது மறுபடியும் எரிந்தது.

“நின்னுட்டுல்லா டீச்சர்?”

“அண்ணாச்சி, கண்டக்டர் விசிலடிச்சா பஸ் நிக்குமா?”

“நிக்கும்.”

“அவர் பிரேக்கைத் தொடுவாரா?”

“அவன் எதுக்குத் தொடணும்? விசில் கேட்டா நான் நிறுத்திருவேன்.”

“எஞ்சின்?”

“அது ஓடிக்கிட்டுல்லா இருக்கும்” என்ற சொரிமுத்து, நின்றிருந்த காத்தாடியின் இரும்பு உடம்பைப் பார்த்தார். உள்ளே நிற்கும் கரண்ட் அதில் கசிந்தால்? அவளுக்கு இருப்பதே அந்த ஒரு கைதான்.

பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, நியூட்ரலைப் பழையபடி சேர்த்து, கரண்ட் வரும் ஃபேஸ் வயரை வெட்டினார்.