சொந்த ஆட்டம்

துவாரகன் மெல்பனில் பத்து வருடங்களாக ஆஸ்திரேலியக் கால்பந்து ஆடி வந்தான். அதுதான் அவன் தொழில். அந்த ஆட்டத்தில் முட்டை வடிவப் பந்தை உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், கை முஷ்டியால் குத்தி அடுத்தவனுக்கு அனுப்பலாம். பந்து வைத்திருப்பவனைக் கட்டிப்பிடித்துத் தரையில் சாய்க்கலாம்.

ஆனால் துவாரகனைப் பந்தோடு பார்த்தவர்கள் குறைவு. அவனுக்குக் கொடுக்கப்பட்ட வேலை வேறு. எதிரணியில் மிகச் சிறந்தவன் யாரோ, அவனை ஆட்டம் முடியும்வரை ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவன் ஓடினால் ஓட வேண்டும், நின்றால் நிற்க வேண்டும். அவன் கைக்குப் பந்து போகக் கூடாது.

அந்த வேலையில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஓர் ஆள் மூச்சு வாங்குவதைக் கேட்டே அடுத்து எந்தப் பக்கம் திரும்புவான் என்று கண்டுபிடித்துவிடுவான். ஒருமுறை அவன் பின்தொடர்ந்த வீரன் களைத்துப்போய் எல்லைக்கோட்டோரம் குனிந்து வாந்தி எடுத்தான். துவாரகன் பக்கத்தில் நின்று, அது முடியும்வரை காத்திருந்தான். பிறகு இருவரும் சேர்ந்து ஓடினார்கள்.

அவன் அணியின் பயிற்சியாளர் டெக்லன். துவாரகனைவிட இரண்டு வயது இளையவர். இருவரும் ஒரே வருடம் கழகத்தில் சேர்ந்தவர்கள். டெக்லனுக்கு முழங்கால் இரண்டு முறை முறிந்தது. ஆடுவதை விட்டுவிட்டுப் பயிற்சி கொடுக்க வந்தார். அதுவரை பெயர் சொல்லி அழைத்த துவாரகன் அன்றிலிருந்து 'கோச்' என்று அழைத்தான். மற்ற அணிகளின் பயிற்சியாளர்கள் மேலே கண்ணாடி அறையில் இருந்து ஆட்டத்தைப் பார்ப்பார்கள். டெக்லன் கீழே, கோட்டோரத்து பெஞ்சில் உட்காருவார். அதிகம் பேசுகிறவர் அல்ல. ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் வெள்ளைப் பலகையில் எல்லார் பெயரையும் எழுதுவார். துவாரகன் பெயருக்கு எதிரே, அன்று அவன் பிடிக்க வேண்டிய ஆளின் பெயர் இருக்கும்.

அந்தப் பருவத்தின் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் புறநகரான டாண்டினோங்கில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போனான். முதல் நாள் ஆட்டத்தை அம்மா தொலைக்காட்சியில் பார்த்திருந்தாள். தட்டில் புட்டை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏன் தம்பி, எந்த நாளும் ஆரோ ஒரு பெடியனுக்குப் பின்னாலயே திரியிறாய்? பந்து அங்கால கிடக்குதெல்லே?"

அதுதான் அம்மா என் வேலை என்றான். அவள் தலையாட்டினாள். அவளுக்கு விளங்கவில்லை என்று தெரிந்தது. திரும்பிக் கார் ஓட்டி வரும்போது தனக்கும் அது விளங்கவில்லையோ என்று தோன்றியது. அவனுக்கு முப்பது வயது முடிந்திருந்தது. கழகத்தோடு இருந்த ஒப்பந்தம் அந்தப் பருவத்தோடு முடிகிறது. புதுப்பிப்பார்களா என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் பயிற்சி முடிந்ததும் டெக்லனைத் தேடிப் போனான். அவர் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"கோச், பத்து வருடமாக மற்றவர்களின் ஆட்டத்தையே ஆடுகிறேன். ஒருமுறையாவது என் சொந்த ஆட்டத்தை ஆட வேண்டும்."

"அது எப்படி இருக்கும்?"

"தெரியாது. ஆடினால்தானே தெரியும்."

டெக்லன் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அடுத்த பந்தை எடுத்தார்.

அப்போது இரண்டே ஆட்டங்கள் மீதி இருந்தன. அவற்றில் ஒன்றையாவது வென்றால் அணி இறுதிச் சுற்றுக்குப் போகும். சனிக்கிழமை உடைமாற்றும் அறைக்குள் வந்தபோது, பலகையில் துவாரகன் பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆட்டம் தொடங்கியது. பந்து இருந்த பக்கமெல்லாம் ஓடினான். அவன் போய்ச் சேருமுன் பந்து வேறு பக்கம் போயிருந்தது. மைதானம் அவ்வளவு பெரியது என்பதை அவன் அதுவரை கவனித்ததில்லை. அடிக்கடி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். டெக்லன் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து ஒரு சைகையும் வரவில்லை.

ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாவதில், தன்னை அறியாமலே எதிரணி நட்சத்திரத்தின் தோளுக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தான். அந்த ஆட்டக்காரன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"இன்றைக்கு என்னை விட்டுவிட்டாய் என்றல்லவா நினைத்தேன்?"

துவாரகன் விலகி ஓடினான். எங்கே போவது என்று முடிவு செய்யாமலே ஓடினான்.

விட்டுவிடப்பட்ட அந்த ஆள் நான்கு கோல் அடித்தான். அணி மோசமாகத் தோற்றது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று பத்திரிகைக்காரர்கள் டெக்லனைக் கேட்டார்கள். அது என் முடிவு என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

துவாரகனால் அதைத் தாங்க முடியவில்லை. மறுநாளே அவரிடம் போனான். என்னால்தான் தோற்றோம், என்னைப் பழைய வேலைக்கே விட்டுவிடுங்கள் என்றான். பிறகு கேட்டான்.

"நீங்கள் ஏன் ஒப்புக்கொண்டீர்கள்?"

டெக்லன் வலது முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"இரண்டாவது முறை இது முறிந்தபோது, டாக்டர் என் படுக்கைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இன்னோர் அறுவைச் சிகிச்சை செய்து ஆடிப் பார்க்கிறாயா, இல்லை விட்டுவிடுகிறாயா, உனக்கு எது வேண்டும் என்றார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அவரையே கேட்டேன். விட்டுவிடு என்றார். விட்டுவிட்டேன்."

"அவர் சொன்னது சரிதானே?"

"சரியாகத்தான் இருக்கும். எனக்கு எது வேண்டியிருந்தது என்பதுதான் இன்றுவரை எனக்குத் தெரியாது."



கடைசி ஆட்டத்தன்று டெக்லன் பலகையில் எல்லார் பெயரையும் எழுதினார். துவாரகன் பெயரை எழுதியதும் நிறுத்தி, பேனாவை அவனிடம் நீட்டினார்.

"நீயே எழுது."

அறையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துவாரகன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு 'கோவாக்' என்று எழுதினான். அந்தப் பருவத்தில் எதிரணியின் கோவாக்கை எந்த அணியாலும் அடக்க முடிந்திருக்கவில்லை. டெக்லன் பேனாவை வாங்கி மூடினார்.

அன்று துவாரகன் ஆடியதைப்போல் அதற்கு முன் ஆடியதில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். முதல் மூன்று பகுதிகளிலும் கோவாக்கின் கைக்குப் பந்து அபூர்வமாகவே வந்தது. கோவாக் ஒருமுறை கோபத்தில் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினான். துவாரகன் உலுக்கட்டும் என்று நின்றான்.

கடைசி நிமிடத்தில் துவாரகனின் அணி நான்கு புள்ளிகள் பின்தங்கி இருந்தது. ஒரு கோல் விழுந்தால் ஆறு புள்ளி, வெற்றி. அப்போது பந்து யார் கையிலும் தங்காமல் துள்ளி, மைதானத்தின் மறுபக்கம் உருண்டது. அதன் பக்கத்தில் அவர்கள் ஆள் ஒருவரும் இல்லை. கோவாக் முழங்காலில் கைகளை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அவனை விட்டுப் போய், பந்து அவன் பக்கம் திரும்பிவிட்டால், தடுக்க யாரும் இல்லை. பத்து வருடத்தில் துவாரகன் ஓர் ஆளையும் அப்படி விட்டுப் போனதில்லை.

போனான்.

கோவாக் நிமிர்ந்து துரத்திக்கொண்டு வந்தான். துவாரகன் அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்டான், திரும்பவில்லை. இரண்டு கைகளாலும் பந்தை அள்ளினான். கோவாக் மேலே வந்து விழுந்தான். விழுகிற நேரத்தில் துவாரகன் பந்தைக் குத்தித் தன் அணிக்காரன் ஒருவனிடம் அனுப்பினான். அவன் உதைத்தான். பந்து நேராகப் போய்க் கம்பத்தில் பட்டது.

கம்பத்தில் பட்டால் ஒரு புள்ளிதான். சைரன் ஊதியது. மூன்று புள்ளியில் தோற்றார்கள். பருவம் முடிந்தது. கோவாக்தான் அவனைக் கைகொடுத்து எழுப்பிவிட்டான்.

இரண்டு வாரம் கழித்துக் கழகம் கூடியது. அடுத்த வருடம் துவாரகனுக்கு இடமில்லை என்று முடிவானது. டெக்லன் அதை வேறு யாரையும் சொல்ல விடவில்லை, தானே வந்து சொன்னார். தானும் அதற்குக் கை தூக்கியதாகச் சொன்னார். துவாரகன் தலையாட்டினான். கொஞ்ச நாளாகவே எதிர்பார்த்ததுதான்.  அலமாரியைக் காலி செய்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். இருவரும் மைதானத்தின் ஓரமாக வாசல்வரை நடந்தார்கள். உள்ளே யாரோ புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் துவாரகன் நின்றான்.

"கோச், நான் கோவாக்கை விட்டுப் போனது சரியா?"

"போகும்போது பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாயா?"

"இல்லை."

"பிறகு இப்போது மட்டும் ஏன் பார்க்கிறாய்?"