அசனப் பந்தியில் நின்றுபோன ஜெபம்

சாலேம்விளை சர்ச்சில் போதகருக்குத் துணையாக ஊழியம் செய்யும் உபதேசியார் வேதமுத்து அன்று காலையிலேயே ஐயரைத் தேடி வந்துவிட்டார்.

அன்று சர்ச்சில் அசனம். வீட்டுக்கு வீடு அரிசி கொடுத்து, ஒரே இடத்தில் பொங்கி, இன்னார் இனியார் என்று பார்க்காமல் ஊரே ஒரு பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். சர்ச்சுக்குப் பின்னால் அண்டாக்கள் அடுப்பேறிவிட்டன. போதகரான தியோடர் ஐயர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெண்களோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

ஐயர் வயதில் வேதமுத்துவுக்குப் பத்து வருடம் இளையவர். ஆனாலும் வேதமுத்துவுக்கு அவர்தான் குரு. வேதத்தில் சந்தேகம் என்றாலும் வீட்டில் சங்கடம் என்றாலும் அவரிடம்தான் ஓடுவார். ஐயரோ லேசில் பதில் சொல்லுகிற ஆள் இல்லை.

“ஐயா, இன்னைக்குப் பந்தியில ஜெபத்தை நீங்களே பண்ணிருங்க.”

“ஏன், தொண்டை கட்டிருக்கா?”

“தொண்டைக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு.” வேதமுத்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஆசீர் வந்திருக்கான்லா.”

வெங்காயம் உரித்த கைகள் எல்லாம் ஒரு நிமிடம் நின்றன.

வேதமுத்துவுக்கு ஒரே மகன், ரூபன். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் அவனை மண்வெட்டியால் அடித்துக் கொன்றவன் இந்த ஆசீர். தண்டனை முடிந்து போன வாரம்தான் ஊர் திரும்பியிருந்தான்.

“அவன் ஜெயில்ல இருந்தவரைக்கும் எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல ஐயா. மன்னிச்சிட்டேன்னு சர்ச்சு மேடையேறி சாட்சியே சொன்னேன். ஊரே கண்ணைத் துடைச்சிச்சு. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லப்படாது. இந்த ஞாயித்துக்கிழமை அவன் கடைசி பெஞ்சுல வந்து உக்காந்தான் பாருங்க... பரமண்டல ஜெபத்துல, நாங்க மத்தவங்களை மன்னிக்கிறதுபோல எங்களையும் மன்னியும்னு அந்த இடம் வந்ததும் எனக்கு நாக்கே எழும்பல. சர்ச்சுல அத்தனை பேர் சத்தத்துல அது அமுங்கிப்போச்சு. பந்தியில நான்லா சொல்லிக் குடுக்கணும்?”

அது நிஜம்தான். அசனப் பந்தியில் சின்னப்பிள்ளைகள் இருப்பார்கள், அடுத்த தெருவிலிருந்து வரும் இந்துக்கள் இருப்பார்கள். ஜெபம் தெரியாதவர்களும் கூடச் சொல்ல வேண்டும் என்பதற்காக, உபதேசியார் வரி வரியாகச் சொல்லுவார். பந்தியே அதைத் திருப்பிச் சொல்லும். அவர் நிறுத்தினால் எல்லாரும் நிறுத்தவேண்டியதுதான்.

“சொன்னா பொய்யாப் போகும். சொல்லாட்டா ஊர் சிரிக்கும். நான் என்னதான் செய்யட்டும்?”

ஐயர் கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தார்.

“மத்தியானம் வந்திருங்க. ஜெபம் நீங்கதான்.”

வேதமுத்துவுக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ! “உங்க பிள்ளைய இப்படிப் பறிகொடுத்திருந்தா உங்களுக்குத் தெரியும்!” என்று கத்திவிட்டார். கத்திய பிறகு, ஐயோ, யாரைப் பார்த்து என்ன வார்த்தை பேசிவிட்டோம் என்று பதறிப்போனார்.

ஐயர் கோபப்படவில்லை. “எனக்குத் தெரியாதுதான், உபதேசியாரே. அதனாலதான் உங்களைச் சொல்லச் சொல்லுதேன்.”

மத்தியானம் பந்தலில் பாய் விரித்து இலை போட்டார்கள். ஆசீர் கடைசியாக வந்து வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தான். யாரும் அவனைப் போ என்று சொல்லவில்லை. யாரும் அவன் பக்கத்தில் உட்காரவும் இல்லை. அந்த நாசூக்கெல்லாம் நம் ஜனங்களுக்குச் சொல்லித்தரவே வேண்டாம். ஐயர் தன் இலையைத் தூக்கிக்கொண்டு போய் அவனுக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்தார்.

வேதமுத்து எழுந்து நின்று கண்ணை மூடி ஆரம்பித்தார். ஒரு வரி சொன்னார், பந்தி திருப்பிச் சொன்னது. இன்னொரு வரி சொன்னார், அதையும் சொன்னது. அன்றன்றுள்ள ஆகாரத்தைக் கேட்கிற இடம்வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அதற்கு அடுத்த வரியில் நின்றுபோனார்.

பந்தி காத்திருந்தது. சோறு ஆறிக்கொண்டிருந்தது. “முடிஞ்சிட்டாம்மா?” என்று ஒரு பிள்ளை கேட்க, அதன் தாய் தொடையில் கிள்ளினாள். ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். பிறகு வேண்டுமென்றே மறுபடி மூடிக்கொண்டார்கள்.

ஆசீர் எழுந்தான். “நான் போயிருதேன். என்னாலதான... எல்லாரும் சாப்பிடட்டும்.”

“உக்காரப்பா,” என்றார் ஐயர். “ஜெபம் இன்னும் முடியல.”

அந்தக் குரலைக் கேட்டு வேதமுத்து கண்ணைத் திறந்தார். எழுந்தது பாதியும் உட்கார்ந்தது பாதியுமாக நின்றான் ஆசீர். தலை முழுக்க நரைத்திருந்தது. ரூபன் வயதுதான் அவனுக்கும். சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சர்ச்சின் ஞாயிறு ஓய்வுநாள் பள்ளியில் படித்தவர்கள். இவனுக்காவது நரைக்கக் கொடுத்துவைத்திருக்கிறதே, என் பிள்ளைக்கு அதுகூட இல்லாமல் போயிற்றே என்றுதான் அவருக்கு நினைக்கத் தோன்றியது.

“ஆண்டவரே, இவனை மன்னிக்க எனக்கு மனசு வரல!”

அவர் மனதுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தார். பந்தலே அதிர்ந்துபோய் அவரைப் பார்த்த பிறகுதான், வாய்விட்டுச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது.

அப்போது ஐயரின் குரல், கண்ணை மூடியபடியே, நிதானமாக எழுந்தது.

“ஆண்டவரே, இவனை மன்னிக்க எனக்கு மனசு வரல.”

உபதேசியார் சொன்னால் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது பழக்கம். ஐயரே சொல்லிவிட்டார், பிறகென்ன? பிள்ளைகள் உரக்கச் சொன்னார்கள். பெண்கள் சொன்னார்கள். சொந்த அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லாதவர், மருமகள் வீட்டு வாசல்படி மிதிக்காதவள், எல்லாரும் அந்த வரியைச் சொன்னார்கள். ஆசீரும் இலைமுன் உட்கார்ந்து, தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, “இவனை மன்னிக்க எனக்கு மனசு வரல ஆண்டவரே” என்று சொன்னான். சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

வேதமுத்து பந்தலின் கம்பைப் பிடித்துக்கொண்டார்.

“அந்த மனசை நீர்தான் தரணும்,” என்றார்.

“அந்த மனசை நீர்தான் தரணும்,” என்றது பந்தி.

மீதி ஜெபத்தை எப்படிச் சொல்லி முடித்தார் என்று அவருக்கே தெரியாது.

முதல் அகப்பைச் சோற்றை உபதேசியார்தான் ஒவ்வொரு இலையிலும் வைக்க வேண்டும். வைத்துக்கொண்டே வந்தார். ஆசீரின் இலைக்கு வந்ததும் பாதிச் சோறு பாயில் சிந்தியது. மறுபடி ஒரு அகப்பை எடுத்து ஒழுங்காக வைத்தார். அவன் தொடாமல் தலைகுனிந்திருந்தான். அவரும் சோற்று வாளியோடு அங்கேயே நின்று ஐயரைப் பார்த்தார்.

“ஐயா, ஜெபத்தைக் கெடுத்துப்போட்டேன். இப்பவும் அவனைப் பாத்தா எனக்கு ஈரக்குலை பதறுது. மன்னிச்சமாதிரியே தெரியல. எனக்கு அது எப்பதான் வரும்?”

ஐயர் பக்கத்து இலையை எட்டிப் பார்த்தார்.

“அவனுக்கு வெறுஞ்சோறுதான் இருக்கு, உபதேசியாரே. குழம்பை எடுத்துட்டு வாங்க.”