ஒன்பது அறைக்கும் ஒரே காற்றுத் துளை

தேரிக்காட்டுச் செம்மண்ணில், முந்திரி மரம் ஒன்றின் கீழ் ஒரு முள்ளம்பன்றி பெரிய வளை தோண்டியிருந்தது. உள்ளே ஒன்பது அறைகள். காற்று வர மேலே ஒரே ஒரு துளை.

முள்ளம்பன்றிக்கு இளகிய மனசு. இடம் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அறை கொடுத்தது. குட்டிகளோடு ஒரு வெள்ளெலி வந்தது. அரணைகள் வந்தன. ஒரு தேரை வந்து துளைக்குப் பக்கத்து அறையில் தங்கியது. அவரவர் அறையைத் தனி வீடு போலவே நினைத்து வாழ்ந்தார்கள்.

தினமும் பொழுது சாய்ந்ததும் முள்ளம்பன்றி எல்லா அறைகளையும் சுற்றிப் பார்க்கும். "குளுகுளுன்னு இருக்கு. ஒரு குறையும் இல்லை" என்று சொல்லிக்கொள்ளும்.

ஒருநாள் தேரை சொன்னது: "அண்ணாச்சி, நீங்க பார்க்கிற நேரத்துல எல்லாரும் இரை தேடப் போயிருக்காங்க. உச்சிவெயில்ல எல்லாரும் உள்ளே இருக்கும்போது வந்து பாருங்க. காற்று கனத்துப் போகுது. என் தோலுக்குத் தெரியுது."

"மத்தியானம் நான் தூங்குற நேரமாச்சே" என்றது முள்ளம்பன்றி. "இன்னும் மூணு அறை காலியா கிடக்கு. என்ன கவலை?"

"அறை இருக்கு. காற்று இருக்கணுமே."

முள்ளம்பன்றி சிரித்துவிட்டுப் போய்விட்டது. அந்த வாரமே முள்ளெலி ஒன்று ஐந்து பிள்ளைகளோடு வந்து கேட்க, காலியாக இருந்த மூன்று அறைகளையும் கொடுத்தது.

சித்திரை பிறந்தது. ஒரு மத்தியானம் மணல் கொதித்தது. ஒருவரும் வெளியே போகவில்லை. திடீரென்று வெள்ளெலி அலறிக்கொண்டு வந்து முள்ளம்பன்றியை எழுப்பியது.

"அண்ணாச்சி, என் பிள்ளைங்க மூச்சு விடத் திணறுதுங்க!"

எழுந்த முள்ளம்பன்றிக்கும் மூச்சு முட்டியது. தேரை உடனே, "குட்டிகளை மர நிழலுக்குத் தூக்குங்க. மற்றவங்களும் வெளியே வாங்க" என்றது. முள்ளெலியும் அரணைகளும் ஆளுக்கொரு குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடின. முள்ளம்பன்றி கொதிக்கும் மணலில் நின்று, கால் பொசுங்கப் பொசுங்க, இன்னொரு துளை தோண்டியது.

கடைசிக் குட்டி கண் திறக்க வெகுநேரம் ஆனது.

"எங்களாலதான் இப்படி ஆச்சு. நாங்க வேற இடம் பார்த்துக்கறோம்" என்றது முள்ளெலி.

"இடம் கேட்டது உங்க தப்பில்லை. தாங்குமான்னு பார்க்காம கொடுத்தது என் தப்பு" என்றது முள்ளம்பன்றி.

மறுநாளிலிருந்து அது உச்சிவெயிலில் விழித்திருந்து, தேரையோடு அறை அறையாகச் சென்றது. காற்று எங்கே குறைகிறது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டது. மூன்றாவது துளையும் தோண்டி முடிக்கும் வரை புதிதாக யாரையும் சேர்க்கவில்லை.

பலருக்கு இடம் கொடுப்பவர், ஓய்ந்திருக்கும் நேரத்தைப் பார்த்து மகிழாமல், எல்லோரும் கூடும் நேரத்தில் தாங்குமா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.