இரண்டு கையையும் தூக்கிய அணில்

அந்தக் காலத்தில் விலங்கும் பறவையும் மனிதர்களைவிட அதிகமாகவே பேசின. புறணியும் சேர்த்துத்தான். அப்போது ஒரு பெரிய ஆலமரத்தில் அணில் ஒருத்தி மூன்று குட்டிகளோடு குடியிருந்தாள். அவளுக்கு மேல்கிளைப் பொந்தில் கிளி.

அந்த மரத்தில் ஒரு வழக்கம். யார் எதைக் கொண்டுவந்தாலும் ஆறில் ஒரு பங்கை அடிமரப் பொந்தில் போட்டுவிட வேண்டும். காவலுக்கு எறும்பு. மழை பொய்த்த வருஷம் அதிலிருந்துதான் எல்லா வாய்க்கும் சமமாகப் படியளப்பார்கள்.

அணிலுக்குக் கிளியைக் கண்டாலே வயிறு எரியும். கழுத்தில் சிவப்பு ஆரம், படுக்க இலவம்பஞ்சு, பழத்தைப் பாதி கடித்துவிட்டு மீதியைக் கீழே எறியும் அலட்சியம். அந்த மீதியை அணில் பொறுக்கித் தின்பாள், தின்றுகொண்டே திட்டுவாள்.

சில வருஷம் நல்ல விளைச்சல். பொந்து நிரம்பியது. உடனே கிளி கூட்டம் கூட்டினாள். பங்கைப் பாதியாகக் குறைத்தால் என்ன, கையில் மிஞ்சினால் எல்லாரும் தெம்பாக இரை தேடுவார்கள், தேடினால் பொந்து தன்னால் நிரம்பும் என்று தேனாகப் பேசினாள். வரும் மழை எப்படி என்று தவளையைக் கேட்டார்கள். மேகம் இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று சத்தியம் பண்ண முடியாது என்றது தவளை.

"அப்ப முதல் மழை பெய்யட்டும், அப்புறம் குறைப்போம்," என்றது எறும்பு. "பெய்யாத மழையை நம்பிப் பொந்தைக் காலி பண்ணிட்டு யார் வாசல்ல போய் நிப்பீங்க?"

அணிலுக்கு எறும்பு சொன்னதுதான் சரியென்று பட்டது. குட்டிகள் இன்னும் கூட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஆனால் கிளி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உங்களுக்கும்தான் மிஞ்சும், அணிலக்கா. ஒருநாளாவது பஞ்சுல படுக்க வேண்டாமா?" என்றாள்.

அந்தப் பஞ்சு அணிலின் கண்ணை மறைத்துவிட்டது.

குறைக்கலாம் என்பவர்கள் ஆளுக்கு ஒரு கையோ காலோ தூக்க வேண்டும்; எண்ணுவது ஓணான். சரிக்குச் சரி வந்தால் பழைய வழக்கமே நிற்கும். கிளி ஒய்யாரமாக ஒற்றைக் காலைத் தூக்கினாள். இவளுக்கு நான் என்ன குறைச்சல் என்று அணில் இரண்டு கையையும் தூக்கினாள். ஓணான் அதை இரண்டாக எண்ணித் தலையாட்டியது. ஒரே ஒரு கை கூடுதலாகி, பங்கு பாதியானது. அந்தக் கூடுதல் கை தன்னுடையதுதான் என்று அணிலுக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

மிஞ்சியதையெல்லாம் தூக்கணாங்குருவியிடம் கொடுத்துப் பஞ்சு வாங்கிக் கூட்டில் பரப்பினாள். கிளி எட்டிப் பார்த்தாளா என்று தினமும் பார்த்துக்கொண்டாள்.

காற்று திரும்பியது. மேகம் வேறு ஊருக்குப் போயிற்று. பாதிக் கோடையிலேயே பொந்து தீர்ந்தது. கிளி இறக்கையை விரித்து மலைக்கு அந்தப்பக்கம் சொந்தக்காரர்களிடம் போய்விட்டாள். அணிலுக்கு ஏது இறக்கை? மெத்தென்ற பஞ்சில் கிடந்து குட்டிகள் பசியில் அழுதன. எறும்பிடம் ஓடி, ஒரு மணியாவது கொடு என்று கெஞ்சினாள்.

"பொந்து காலி, அணிலம்மா," என்றது எறும்பு. "அன்னைக்கு அந்த இன்னொரு கை யாரோடது?"

அவள் கூட்டுக்குத் திரும்பினாள். மரப்பட்டையைச் சுரண்டி ஊட்டினாள். கடைக்குட்டி மட்டும் அடுத்த மழையைப் பார்க்கவில்லை.

அன்று முதல்தான் அணில் ஒரு கொட்டை கிடைத்தாலும் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கடிப்பதற்கு முன் மட்டும் தலையைத் திருப்பி மேல்கிளையை ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறாள், அங்கே இருப்பவளுக்கு என்ன கிடைத்திருக்கிறது என்று.