விரால்கள் போன இடம்

முன்னொரு காலத்தில், பெயர் மறந்துபோன ஒரு நாட்டில், வேட்டரையர் என்ற அரசர் இருந்தார். தாயில்லாத ஒரே மகள் உமையாளைத் தை மாதத்தில் தொலைதேசத்துக்குக் கட்டிக்கொடுத்தார். அரண்மனை ஏரியின் கரையோரப் புல்லில் செக்கச்செவேலென்று மொய்த்துத் திரிந்த விரால் குஞ்சுகளுக்கு அவள் தினமும் அவித்த முட்டையின் மஞ்சள்கருவைப் பொடித்துத் தூவுவாள். அவள் போனபின் அரசரே தூவினார். வேறெதிலும் அவருக்கு மனம் ஒட்டவில்லை.

சித்திரைக்குள் ஒரு குஞ்சுகூடக் கரையில் இல்லை. ஆடி வரை தினமும் வந்து காத்திருந்தார், புல்தான் அசைந்தது.

அரசவை விகடன் கோனேரியைக் கண்டாலே எரிச்சல்படுபவர் அமைச்சர் திருவம்பலம். இதுதான் சமயமென்று, "கோனேரிக்கு மீன்குழம்பு என்றால் உயிர், அரசே" என்றார்.

அரசரின் முகம் சிவந்தது. "கோனேரி! நாளைக் காலை நான் கைநீட்டினால் அந்த விரால்கள் என் கைக்கு எட்ட வேண்டும். இல்லையேல் நீர் இந்த நாட்டில் இருக்கக் கூடாது."

கோனேரி நேரே பரிசல் ஓட்டும் செங்காயியிடம் போனார். விஷயத்தைக் கேட்டு அவள் சிரித்துவிட்டாள்.

"குஞ்சா இருக்கறப்போ கொக்குக்கும் நீர்க்காக்கைக்கும் பயந்து புல்லுக்குள்ள கெடக்கும். ஒடம்பு வளந்தா அந்த எடம் பத்துமா சாமி? தீனியும் பத்தாது. நடு ஏரிப் பள்ளத்துக்குப் போயிரும். மூச்சு வாங்க மட்டும் மேல வரும். கரைக்குக் கூப்பிட்டா வருமா?"

மறுநாள் காலை கோனேரி அரசரையும் அமைச்சரையும் பரிசலில் ஏற்றினார். செங்காயி துடுப்புப் போட்டாள்.

"மீன் கரைக்கு வரவில்லையே! இது மோசடி!" என்று விளிம்பைக் கெட்டியாகப் பிடித்தபடி அமைச்சர் கத்தினார்.

"கைக்கு எட்ட வேண்டும் என்பதுதான் உத்தரவு, அமைச்சரே. கை எங்கே இருக்க வேண்டும் என்று அரசர் சொல்லவில்லை."

நடு ஏரியில் செங்காயி மண்புழுக்களை வீசினாள். கருத்த முதுகுகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. அரசர் கைநீட்டினார். சாண் நீள விரால் ஒன்று அவர் விரல்களை உரசிக்கொண்டு கீழே இறங்கியது.

"இவைதானா? அந்தச் சிவப்பே இல்லையே."

"வளர்ந்தால் நிறம் மாறிவிடும், அரசே."

"என்னை அடையாளம் தெரிந்திருக்குமா?"

கோனேரிக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "தெரிந்திருக்காது, அரசே. ஆனால் நன்றாக இருக்கின்றன."

அரசர் வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு மாதமாவது வந்து இருந்துவிட்டுப் போ என்று உமையாளுக்கு மூன்று முறை ஆள் அனுப்பினேன். இங்கே வேலை சரியாக இருக்கிறது அப்பா என்றே எழுதுகிறாள்."

அவர் நிமிர்ந்து கோனேரியைப் பார்த்தார்.

"அவள் ஊருக்கு எத்தனை நாள் பயணம்?"

"வடக்கே ஒன்பது நாள், அரசே."

"நாளைக்கே புறப்படுவோம். நீரும் வாரும்." கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கோனேரிக்குப் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேளும்."

"செங்காயிக்குக் கை வலிக்கும். கரை வரைக்கும் அமைச்சர் துடுப்புப் போடட்டும்."

திருவம்பலம் போட்ட போட்டில் பரிசல் நின்ற இடத்திலேயே சுற்றியது. ஆறு மாதத்தில் முதல்முறையாக அரசர் வாய்விட்டுச் சிரித்தார். பரிசல் சுழன்று வடக்கே திரும்பும்போதெல்லாம், சிரிப்பை ஒரு கணம் நிறுத்தி அந்தத் திசையைப் பார்த்தார். பிறகு மறுபடி சிரித்தார்.