பசியில்லை என்று சொன்னவன்

தாது வருஷம் மழை பொய்த்தது. ஐப்பசியில் ஏரிக்கரையில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், தை பிறந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டு நடக்கத் தொடங்கினார்கள். மாசிக்குள் வேலங்குறிச்சித் தாலுகாவில் பாதிக் கிராமங்களில் அடுப்புப் புகையைக் காணோம்.

அந்தத் தாலுகாக் கச்சேரியில் தாண்டவராயப் பிள்ளை தலைமை ரைட்டர். மணியக்காரர்கள் கிராமங்களிலிருந்து அனுப்பும் ஜனன மரணக் கணக்குகளைத் திரட்டி, சுத்தப் பிரதி எழுதி, ஜில்லாக் கச்சேரிக்குத் தபாலில் சேர்ப்பது அவர் வேலை. ஐம்பதைத் தாண்டியவர். கையெழுத்து அச்சுப் போலிருக்கும். அவர் எழுதிய தாளில் பிழை என்று மேலிடம் ஒருபோதும் திருப்பி அனுப்பியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மரணக் கணக்கில் பெயர், வயது, ஊர் என்று வரிசையாக வந்து, கடைசியில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். மணியக்காரர்கள் அதில் ‘பட்டினி’ என்று எழுதி அனுப்ப ஆரம்பித்தார்கள்.

தாசில்தார் பிள்ளையைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். பட்டினி ஒரு வியாதி இல்லை, வியாதியின் பெயரைத்தான் அந்தக் கட்டத்தில் எழுத வேண்டும், காய்ச்சல் என்று போட்டுவிடும் என்றார். தாலுகாவில் போதுமான தானியம் இருக்கிறது என்று அவர் முன்பே மேலே எழுதியிருந்தார். இப்போது பட்டினிச் சாவு என்று போனால் அதற்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். அந்த உத்தரவு வாய்மொழியாகவே வந்தது.

பிள்ளைக்கு இன்னொன்றும் தெரியும். பட்டினிச் சாவு என்று கணக்கில் ஏறினால்தான் சர்க்கார் கஞ்சித் தொட்டி திறக்கும். பக்கத்துத் தாலுகாவில் அப்படித்தான் திறந்தார்கள். காய்ச்சலுக்குக் கஞ்சித் தொட்டி கிடையாது.

தபால் போகவேண்டிய நாள் வந்தது. அன்று காலை அவர் கச்சேரிக்குப் போகாமல் மடத்துக்குப் போனார்.

வற்றிப்போன ஏரிக்குத் தெற்கே இருந்தது மடம். அங்கே உலகம்மை என்ற துறவி இருந்தார். பிள்ளையைவிட வயதில் மிகவும் இளையவர். அவரிடம்தான் பிள்ளை தீட்சை பெற்றிருந்தார். மகள் வயதுள்ளவர் காலில் போய் விழுகிறாரே என்று ஊரில் சிலர் பேசியதுண்டு. பிள்ளை அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அம்மை கஞ்சிப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தார். மடத்தில் இருந்த கேழ்வரகு தீரும் தறுவாயில் இருந்தது. பிள்ளை நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மணியக்காரர்கள் எழுதியதைச் சொன்னார், தாசில்தார் சொன்னதைச் சொன்னார், கஞ்சித் தொட்டியைப் பற்றியும் சொன்னார். கடைசியில் கேட்டார்.

“தாயே, சொன்னதை எழுதுகிறவனுக்குப் பாவம் உண்டா?”

அம்மை பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“பின்கட்டில் ஒருவர் இறந்து கிடக்கிறார். தூக்க ஆள் இல்லை. வாரும்.”

பிள்ளை தயங்கினார். சொந்தக்காரர் அல்லாத ஒரு பிணத்தை அவர் தொட்டதில்லை. செத்தவன் எந்த ஊர், என்ன ஜாதி என்றும் தெரியாது. அம்மை திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பிள்ளை தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு, அங்கவஸ்திரத்தை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு பின்னால் போனார்.

ஒரு கிழிந்த பாயில் அந்த மனிதன் கிடந்தான். பக்கத்துச் சுவரில் சாய்ந்து அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவன் பெயர் மாரப்பன், இவள் காத்தாயி, மேற்கே மலையடிவாரத்திலிருந்து நடந்தே வந்தவர்கள் என்று அம்மை சொன்னார். வந்து சேர்ந்தபோது அவனுக்கு விழுங்கும் சக்தி போய்விட்டிருந்தது. வாயில் விட்ட கஞ்சி ஓரத்தில் வழிந்தது. விடியும்போது உயிர் போயிருந்தது.

பிள்ளை குனிந்து அவன் முதுகுக்கடியில் கையைக் கொடுத்தார். ஓர் ஆண்பிள்ளையின் பாரத்துக்கு முதுகை இறுக்கிக்கொண்டு தூக்கினார். பாரமே இல்லை. தனியாகவே தூக்கிக்கொண்டு நின்றுவிட்டார். அம்மை பலகையைக் காட்டும் வரை எங்கே கிடத்துவது என்றே அவருக்குத் தோன்றவில்லை.

அம்மை தண்ணீர் விட, பிள்ளை துணியால் துடைத்தார். காத்தாயி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் அழவில்லை.

“நீர் சர்க்கார் கணக்கு எழுதுகிறவர்,” என்றார் அம்மை. “இவர் எதனால் இறந்தார் என்று இந்தப் பெண்ணுக்குச் சொல்லும்.”

பிள்ளை அம்மையின் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் தெரியவில்லை. தமக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பல நாளாக மனத்தில் உருப்போட்டுக்கொண்டிருந்த சொல்தான் நாக்கில் வந்தது.

“காய்ச்சல்,” என்றார்.

காத்தாயி தலையை நிமிர்த்தினாள்.

“காச்சலுங்களா?”

“ஆமாம்.”

அவள் மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். வழியில் யாரோ கொடுத்த கைப்பிடிக் கேழ்வரகையும், தோண்டி எடுத்த கிழங்கையும், அவன் அவளிடமே கொடுத்துவிட்டானாம். கேட்டால் பசியில்லை என்பானாம். ஒரு பாழுங்கிணற்றுப் பக்கம் உட்கார்ந்து அவள் வற்புறுத்தி ஊட்டப் போனபோது, முகத்தைத் திருப்பிக்கொண்டானாம். அவன் சொன்னதை நம்பி அவள் தின்றாளாம். ஒவ்வொரு தடவையும் அவளே தின்றாளாம்.

“அப்ப, பசியில்லைன்னு அவரு சொன்னது நெசந்தானுங்களா, சாமி?”

பிள்ளையின் கையில் ஈரத்துணி அப்படியே நின்றது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் நெஞ்சு பாரம் இறங்கும் என்று அவருக்குத் தோன்றியது. அந்த வார்த்தையைச் சொன்னால், இந்த மனிதன் வழி நெடுகச் செய்தது செய்யாததாகிவிடும் என்றும் தோன்றியது. மாரப்பனின் முகத்தைப் பார்த்தார். பல்லிடுக்கில், மென்று விழுங்க முடியாமல் ஒட்டியிருந்த புல் பச்சையாகத் தெரிந்தது.

“இல்லையம்மா,” என்றார். “அவருக்குப் பசி இருந்தது. பசியால்தான் செத்தார். நீ சாப்பிட வேண்டும் என்று பொய் சொல்லியிருக்கிறார். காய்ச்சல் என்று நான் சொன்னதும் பொய்தான்.”

காத்தாயி கையை ஊன்றி நகர்ந்து வந்தாள். புருஷன் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அம்மை தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு அவளருகில் உட்கார்ந்தார்.

ஏரிக்கரையில் குழி தோண்டி மாரப்பனைப் புதைத்துவிட்டு, பிள்ளை கச்சேரிக்குப் போனார். தாசில்தார் முகாம் போயிருந்தார். அவர் இல்லாதபோது தபாலில் கையெழுத்திடும் அதிகாரம் தலைமை ரைட்டருக்கு உண்டு.

மணியக்காரர்களின் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார். அவர்கள் பட்டினி என்று எழுதிய இடத்தில் பட்டினி என்றே எழுதினார். வழக்கமாகப் பிரதி எடுக்கும்போது அவர் எழுத்தைத்தான் பார்ப்பார், பெயரைப் படிக்கமாட்டார். அன்று ஒவ்வொரு பெயரையும் படித்தார். அதனால் நேரமாயிற்று. கடைசி வரியில் மாரப்பனையும் சேர்த்து, கையெழுத்திட்டு, உறையை அரக்கால் ஒட்டித் தபால்காரன் கையில் தாமே கொடுத்தார்.

சில நாள் கழித்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி குதிரையில் வந்தார். கிராமங்களைச் சுற்றிப் பார்த்தார். போகும்போது தாசில்தாரிடம் அவர் அதிகம் பேசவில்லை என்று சேவகர்கள் சொன்னார்கள். மாதம் முடிவதற்குள் சந்தைத் திடலில் பந்தல் போட்டுக் கஞ்சித் தொட்டி திறந்தார்கள்.

பிள்ளைக்கு வேலை போயிற்று. வைத்தியர் அத்தாட்சி இல்லாமல் மரணக் காரணத்தை எழுதியது குற்றம் என்று உத்தரவு வந்தது. அதை அவர் எதிர்பார்த்தே இருந்தார். வீட்டில் மனைவி நகையைக் கழற்றி அடகு வைத்ததையும் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாத செய்தி பிறகுதான் வந்தது. ஜில்லாக் கச்சேரியில் இருந்த பழைய சிநேகிதர் ஒருவர் அவரைக் கடைத்தெருவில் ஓரமாக அழைத்துப் போய்ச் சொன்னார். பிள்ளை எழுதிய பிரதியை எடுத்துவிட்டு, வேறொருவர் கையால் எழுதிய பிரதியைக் கணக்குக் கட்டுக்குள் வைத்துவிட்டார்களாம். அதில் எல்லாம் காய்ச்சல்தானாம். கஞ்சித் தொட்டி திறந்த உத்தரவிலும், காய்ச்சலால் நலிந்தவர்களுக்கு என்றே இருக்கிறதாம்.

அன்றே அவர் மடத்துக்குப் போனார். காத்தாயி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. அவரைக் கண்டதும் எழுந்து ஒதுங்கி நின்றாள். பிள்ளை அவளைக் கவனிக்காமல் உள்ளே போய் அம்மையின் முன்னால் உட்கார்ந்தார்.

“தாயே, நான் எழுதிய தாளை எடுத்துவிட்டார்கள். நாளைக்கு ஒருவன் அந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்தால், இந்தத் தாலுகாவில் பட்டினியால் ஒருவர்கூடச் சாகவில்லை என்றுதான் இருக்கும்.”

அம்மை கேட்டுக்கொண்டிருந்தார்.

“நான் எழுதியது இப்போது எங்கும் இல்லை.”

“திடலில் கஞ்சி ஊற்றுகிறார்களா?”

“ஊற்றுகிறார்கள்.”

“தினமும் ஊற்றுகிறார்களா?”

“தினமும் என்றுதான் சொல்கிறார்கள்.”

“கெட்டியாக இருக்கிறதா, வெறும் தண்ணீரா?”

சந்தைத் திடல் பிள்ளையின் வீட்டுக்கு அடுத்த தெருவில்தான் இருந்தது. கஞ்சித் தொட்டி திறந்த நாள் முதல் அவர் அந்தப் பக்கம் போனதில்லை.

“தெரியாது, தாயே.”

“போய்ப் பார்த்துவிட்டு வாரும்,” என்றார் அம்மை.