ஏரிக்கு அடியில் ஒரு வாசற்படி

ஆல்ப்ஸ் மலையில் இருந்த அந்த ஏரி தானாக வந்ததல்ல. ஆற்றை மறித்து அணை கட்டினார்கள், ஓர் ஊர் மூழ்கியது, ஏரி வந்தது. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் "என்ன அழகு!" என்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். உல்ரிக்குக்கு அதைப் பார்த்தால் ரொட்டி தொண்டையில் இறங்காது.

நாற்பது வருடத்துக்கு முன்னால், அணையில் வேலை பார்த்தபோது, மதகை மூடியது அவர் கைதான். அசைய மாட்டேன் என்று வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்ட அகத்தா அம்மாளைத் தோளில் போட்டுத் தூக்கிவந்ததும் அவர்தான். அதன்பிறகு அந்த அம்மாள் முகத்தில் அவர் விழித்ததேயில்லை.

ஓய்வு பெற்றதும் மலைமேல் தனியாக இருந்த துறவி வெரேனாவிடம் சீடராகச் சேர்ந்தார். குருவுக்கு வயது நாற்பத்தைந்து, சீடருக்கு எழுபது. ஊரார் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கும் பொழுது போக வேண்டாமா?

குளிர்காலம் முழுக்க மின்சாரத்துக்குத் தண்ணீர் போய், ஏப்ரலில் ஏரி வற்றிக் கிடக்கும். மூழ்கிய ஊரின் சுவர்கள் சேற்றில் தலைகாட்டும். வருடம் தவறாமல் உல்ரிக் மண்வெட்டியோடு இறங்கி, அகத்தா அம்மாளின் பழைய வாசற்படியைச் சுரண்டிச் சுத்தம் செய்வார். கோடையில் பனி உருகி ஏரி நிறையும். படி மறுபடி சேறாகும்.

இந்த வருடம் குருவும் அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்தார். இடிந்த சுவரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாயே, நாற்பது வருடமாகத் துடைக்கிறேன். என் மனம் மட்டும் சுத்தமாகவில்லையே, ஏன்?"

"அகத்தா அம்மாள் இப்போது எங்கே இருக்கிறார், தெரியுமா?"

"மேலே, புது ஊரில். தொண்ணூறு வயது. அடுத்த குளிர்காலம் தாங்காது என்கிறார்கள். அதற்குள் மன்னித்துவிட்டேன் என்று அவர் வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும்."

"போய்ப் பார்த்தீர்களா?"

"எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவேன்? அதனால்தான் இங்கே வருகிறேன்."

வெரேனா எழுந்து மண்வெட்டியை வாங்கினார். வற்றிய ஏரியின் நடுவில் பழைய ஆறு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதில் சேறு போகக் கழுவி, உல்ரிக்கின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"வரும்போது அவர் வீட்டைப் பார்த்தேன். வெயில் படாத இடம். நேற்று விழுந்த பனி வாசலில் முழங்காலளவு கிடக்கிறது. இன்னும் யாரும் அள்ளவில்லை."